சுதந்திரக் கோடு சங்கத்தின் ஏழாவது ஆள்

எகோன் ஃபாஃப்ராத்தின் இடது கால் ஆல்வினின் கையில் இருந்தது. வலது கால் க்னாவரின் கையில். மிச்ச எகோன் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஷூ கழலுதுங்க," என்றான் ஆல்வின்.

"கணுக்காலைப் பிடிய்யா. ஷூவை யாரு பிடிக்கச் சொன்னது?" என்றார் க்னாவர்.

அறைக்குள் தலைவர் டாக்டர் ஹாஸோ வீடகிண்ட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்து மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தில் பக்கம் தேடினார். மொத்தம் அறுபத்தொரு விதிகள். எகோனுக்கு உரியது நாலாவது.

"'உறுப்பினர் எவருடைய ஓவியத்திலும் அடையாளம் தெரியக்கூடிய பொருளோ, உயிரோ, இடமோ, சம்பவமோ தென்படலாகாது.' தெக்லா, எழுதிக்கிறீங்களா?"

"'தென்படலாகாது' வரைக்கும் எழுதியாச்சு தலைவரே," என்றார் செயலாளர் தெக்லா ராபெனோவ். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"'தென்பட்டால், ஓவியர் தாமாகவே முன்வந்து அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.' எகோன், தாமாகவே முன்வர்றீங்களா?"

ஜன்னலுக்குக் கீழே இருந்து குரல் வந்தது. "அது கோழி இல்லடா. இருத்தலின் பதற்றம்டா அது. ரெண்டு மாசம் வரைஞ்சேன்டா பாவிகளா."

ஆல்வினுக்கு வியர்த்தது. கோழி என்று சொன்னவன் அவன்தான். அவன் என்ன செய்வான்? மேலே சிவப்பாகக் கொண்டை இருந்தது. பக்கத்தில் மஞ்சளாக மூக்கு. கீழே மூன்று விரல். யாராவது கேட்டால் பார்த்ததைச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். பொருளைப் பார்த்தவரே காலைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு துணை விதி இருப்பது கோழிக்கு அப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது.

"அவருக்கு இன்னொரு வாய்ப்புத் தரணும். நாம காட்டுமிராண்டிகள் இல்ல," என்றார் தலைவர்.

நீஹூஸ் சகோதரர்கள் இருவரும் படத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஓடினார்கள். அங்கே ஜன்னலைத் திறந்து, படத்தை வெளியே நீட்டி, எகோனின் முகத்துக்கு நேரே பிடித்தார்கள். தலைகீழாகத் தொங்குகிறவருக்குப் படம் நேராகத் தெரிய வேண்டுமென்று அண்ணன் நீஹூஸ் அதைத் தலைகீழாகத் திருப்பினார். சங்கத்தில் நியாயம் அந்த அளவுக்கு இருந்தது.

கீழே தெருவில் டிராம் ஒன்று போயிற்று. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குண்டுவீச்சில் பாதி இடிந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் மாடியை நகரசபை ஓவியர்களுக்குக் கொடுத்ததிலிருந்து ஹெர்டிங்கன்வாசிகள் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.



"வாத்து," என்றார் எகோன் கடைசியில், தளர்ந்த குரலில். "கோழி இல்ல. வாத்து."

"திருத்தத்துடன் ஏற்கப்பட்டது. இழுங்க," என்றார் தலைவர்.

இழுத்தார்கள். எகோன் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. அவர் கையில் கோடாரியைக் கொடுத்தார்கள். ஓவியர் தம் படத்தைத் தாமே வெட்டுவது ஐந்தாவது விதி. முதல் வெட்டில் கொண்டை போயிற்று. இரண்டாவது வெட்டில் மூக்கு. மூன்றாவது வெட்டில் கோடாரித் தலை காம்பிலிருந்து கழன்று பறந்து, மூச்சிரைக்க மாடியேறி வந்து கதவைத் திறந்த தம்பி நீஹூஸின் காறை எலும்பில் போய் இறங்கியது. 'டக்' என்று ஒரு சத்தம். தம்பி கதவோடு சரிந்தார்.

"எழுதிக்குங்க. இளைய நீஹூஸ் தாமதமாக வந்தார்," என்றார் தலைவர்.

துண்டுகளை அள்ளிக்கொண்டு ஆல்வின் கீழே பாய்லர் அறைக்குப் போனான். அவன் அந்தக் கட்டடத்தின் பாய்லர்காரன். எகோனும் கூடவே வந்தார், சாவு வீட்டுக்காரர் மாதிரி. பாய்லர் வாயைத் திறந்து கோழியைத் துண்டு துண்டாகப் போட்டான். எண்ணெய்ச் சாயம், நன்றாகப் பிடித்தது.

"பத்தொம்போது வருஷம் முன்னாடி ஆட்சிக்கு வந்தவங்களும் இப்படித்தான் எரிச்சாங்க," என்று முணுமுணுத்தார் எகோன்.

தலைவர் பின்னாலேயே வந்திருந்தார். "அவங்க எரிச்சது ஓவியத்தை, எகோன். நாம எரிக்கிறது ஓவியத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற பொருளை. இந்த வித்தியாசம் தெரியாதவங்களாலதான் இந்த நாடு நாசமாப் போச்சு."

"எரியறது என்னவோ என் கித்தான்தான்," என்றார் எகோன். தலைவர் அவர் தோளைத் தட்டினார். அந்தத் தோள் ஏற்கெனவே ஜன்னல் விளிம்பில் சிராய்ந்திருந்தது.

*

ஆல்வின் அரூப ஓவியர் ஆனதற்கு அவன் பொறுப்பில்லை.

அந்த ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, ஆகஸ்ட் கடைசியில் தலைவர் பாய்லர் அறைக்கு இறங்கி வந்தார். அதுவரை அவர் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. ஒரு கரி மூட்டையின்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"ஆல்வின், மனித ஆன்மாவின் எல்லையில்லாத சுதந்திரத்துக்காக நாங்க ஆறு பேர் ஒண்ணு சேர்ந்திருக்கோம். 'சுதந்திரக் கோடு 52'. ஆனா கோர்ட்டுப் பதிவாளர் சங்கத்துக்கு ஏழு பேர் வேணுங்கறார்."

"ஆறு பேர் இருந்தா என்னங்க?"

"ஆறு பேர் வெறும் சிநேகிதங்க. ஏழு பேர்தான் சங்கம். சட்டம்."

"எனக்குப் படம் வரையத் தெரியாதே."

"அது நல்ல ஆரம்பம்," என்றார் தலைவர். "மாடியில பின்பக்கம் மேப் மாட்டி வெச்சிருந்த அறை ஒண்ணு சும்மா கிடக்கு. அடுப்பு இருக்கு, கதவு இருக்கு. நவம்பர்ல சங்கம் பதிவாயிட்டா அந்த அறையை உறுப்பினருக்கு ஒதுக்கற அதிகாரம் எனக்கு. உங்க வீட்டம்மா மாசமா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன்."

ஆல்வினும் ஹெர்த்தாவும் இருந்தது தகரக் கொட்டகையில். அரை உருளையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ராணுவக் கொட்டகை. நடுவில் போர்வையைத் தொங்கவிட்டு இரண்டு குடும்பம். போன ஜனவரியில் வாளித் தண்ணீர் உள்ளேயே உறைந்தது. பிள்ளை டிசம்பர் முதல் வாரம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

கையெழுத்துப் போட்டான். விண்ணப்பத்தில் பெயர், தொழில் எல்லாம் எழுதிவிட்டு, '1933 முதல் 1945 வரை என்ன செய்தீர்கள்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"அதை வெறுமனே விட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் விட்டிருக்காங்க," என்றார் தலைவர். "வெள்ளையும் ஒரு நிறம்தான்."

அப்படித்தான் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் காட்சிச் சோதனை. ஒரு படத்தை நிறுத்துவார்கள். சமையலறை டைமரை முறுக்கி வைப்பார்கள். பன்னிரண்டு நிமிஷம். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை படத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நாலு பக்கமும் காட்டுவார்கள். அதில் ஏதாவது பொருள் கண்ணில் பட்டவர் பீர் குவளையால் மேஜையை அடித்துப் பெயரைச் சொல்ல வேண்டும்.

மற்ற ஆறு பேரும் படித்தவர்கள். எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்ட மாட்டார்கள். ஆல்வினுக்கு அந்தக் கலை வரவில்லை. ஏதாவது தெரிந்தால் அவன் கண் அந்த இடத்தில் நின்றுவிடும். குவளையை அவன் தொடக்கூட வேண்டாம், தலைவர் கண்டுபிடித்துவிடுவார்.

"ஆல்வின், கண்ணு நின்னுச்சே. என்ன?"

"கோழிங்க."

இதுதான் நடந்தது. தலைவருக்கு ஒரே சந்தோஷம். 'களங்கமில்லாத கண்' என்று அதற்குப் பெயர் வைத்து விதிப் புத்தகத்தில் அறுபத்திரண்டாவது விதியாகச் சேர்த்தார். அந்தக் கண்ணில் எதுவும் படாத படம்தான் கண்காட்சிக்குப் போகும்.

ஒரு சிக்கல். தோற்றவரைச் சங்கத்தை விட்டு நீக்க முடியாது. நீக்கினால் ஆறு. ஆறு பேர் வெறும் சிநேகிதர்கள். ஆகவே நீக்குவதற்குப் பதிலாக அடிதான் வழி என்று செப்டம்பர் பொதுக்குழு ஒருமனதாக முடிவு செய்தது. அடி வாங்கப் போகிறவரும் கை தூக்கினார்.

*

எகோன் தொங்கியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை க்னாவர் பாய்லர் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

க்னாவர் ஆள் பீப்பாய் மாதிரி. தூரிகை பிடிக்க மாட்டார், கொத்தன் கரண்டியால்தான் வரைவார். ஆல்வினின் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைக் கரித்தொட்டியில் அழுத்தினார்.

"நாளைக்கு என் படம் வருது."

"தெரியுங்க," என்றான் ஆல்வின் கரிக்குள்ளிருந்து.

"அதுல என்ன தெரியும் உனக்கு?"

"இன்னும் பாக்கலீங்களே."

"பாத்தா என்ன தெரியும்னு கேக்கறேன்."

"பாத்தாத்தாங்க சொல்ல முடியும்."

இப்படிப்பட்ட ஆளிடம் பேசிப் பயனில்லை என்று க்னாவருக்குப் பட்டது. ஆல்வினைத் திருப்பி, முதலில் வலது கண்ணில் ஒரு குத்து, நிதானமாக அளவு பார்த்து இடது கண்ணில் ஒரு குத்து. பிறகு தன் கைக்குட்டையால் அவன் முகத்துக் கரியைத் துடைத்துவிட்டார். "இதுல விரோதம் ஒண்ணும் இல்லய்யா. கலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சோதனைக்கு ஆல்வின் வந்தபோது இரண்டு கண்ணும் ஊதா நிறத்தில் வீங்கி மூடியிருந்தன. தெக்லா அந்த நிறத்தைப் பாராட்டினார்.

படத்தை நிறுத்தினார்கள். டைமர் ஓடியது.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்க. கண்ணே தெரியல."

"கண் தெரியாதவர் 'ஒன்றும் தெரியவில்லை' என்றால் அது தேர்ச்சியா?" என்று அண்ணன் நீஹூஸ் ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினார். இருபது நிமிஷம் விவாதம். க்னாவர் தேர்ச்சி என்றார். கடைசியில், கண் சங்கத்தின் சொத்து, அதை மூடி வைக்க உறுப்பினருக்கு உரிமையில்லை என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். தெக்லா எழுந்து வந்து ஆல்வினின் வலது இமையை இரண்டு விரலால் பிளந்து பிடித்தார். அவர் விரலில் டர்பன்டைன் இருந்தது. ஆல்வின் அலறினான். அலறிக்கொண்டே பார்த்தான்.

கண் நின்றது.

"சொல்லுங்க."

"தொட்டி. குளிக்கிற தொட்டி. உள்ள ஒரு பொம்பள."

"பொய்," என்றார் க்னாவர்.

"தொட்டி விளிம்பு ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. பொம்பளைக்கு முதுகுல, இந்த இடத்துல, பெரிய மச்சம்."

அண்ணன் நீஹூஸ் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எங்க வீட்டுத் தொட்டி விளிம்புதான் உடைஞ்சிருக்கு," என்றார் மெதுவாக.

"இது தூய வடிவம்," என்றார் க்னாவர்.

"மச்சமும் தூய வடிவமா?"

அப்புறம் நடந்ததை நடவடிக்கைக் குறிப்பில் 'விவாதம் சூடாக இருந்தது' என்று தெக்லா எழுதினார். நீஹூஸ் முதலில் தூக்கியது பீர் குவளையை. க்னாவரின் முன்பல் இரண்டு பீரோடு சேர்ந்து விழுந்தன. க்னாவர் நீஹூஸின் காதைக் கடித்தார், பல் குறைந்ததால் அது முழுதாக வரவில்லை. தோளில் கட்டோடு இருந்த தம்பி, குடும்ப மானத்துக்காக நல்ல கையால் ஸ்டூலைத் தூக்கி வீசினார். அது சம்பந்தமே இல்லாமல் எகோன் தலையில் பட்டது. எகோனுக்கு ஒரு வாரமாக யாரையாவது அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. தெக்லாவின் சாயக் கத்தி யாருடைய தொடையிலோ ஏறியது. யாருடைய தொடை என்று எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆல்வினுடையது.

தலைவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஒரு பல் அவர் காலடிக்கு உருண்டு வந்தது. குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பாத்தீங்களா?" என்றார் எல்லாரும் களைத்த பிறகு. "ஒரே ஒரு பொருள் படத்துக்குள்ள நுழைஞ்சதும் எவ்வளவு ரத்தம். நினைவுங்கறது இதைத்தான் செய்யும். அதனாலதான் சொல்றேன், படத்துல எதுவும் இருக்கக்கூடாது. எங்கே எதுவும் தெரியலியோ அங்கேதான் சமாதானம்."

எல்லோரும் கை தட்டினார்கள். கை தூக்க முடியாதவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள்.

*

"ஏன்யா, உனக்கு அறிவு இருக்கா?" என்றாள் ஹெர்த்தா.

அவன் தொடையை வெந்நீரில் கழுவி, பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வயிறு முட்டியதால் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் குனிய முடிந்தது. அடுப்பில் கோசு சூப் கொதித்தது.

"பாத்ததைச் சொன்னேன், ஹெர்த்தா."

"பாத்ததைச் சொன்னாராம். பெரிய சாட்சி. அடுத்தவன் பொண்டாட்டி முதுகுல மச்சம் இருந்தா உனக்கு என்னய்யா?"

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல். சிலேசியாவிலிருந்து அகதியாக வந்த குபால்லா அம்மாள். "எந்தப் பக்கம் மச்சம்?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்," என்றான் ஆல்வின்.

"அவளா," என்றாள் குபால்லா அம்மாள். "தெரியும், தெரியும்."

ஹெர்த்தா கட்டை இறுக்கினாள். அவன் பல்லைக் கடித்தான்.

"பதினாறாம் தேதி கண்காட்சியா?"

"ஆமா. ஞாயித்துக்கிழமை பதினோரு மணி. தலைவர் படம். ஊர் முன்னாடி வெச்சு என்னைக் கேப்பாங்க. நான் ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டா, திங்கக்கிழமை பதிவு. சாவி நம்ம கையில."

"ஏதாவது தெரியுதுன்னு சொன்னா?"

"தலைவர் படமே தோத்துப் போச்சுன்னா சங்கம் ஏது?"

"அப்போ ரெண்டே வார்த்தை. ஒண்ணும் தெரியல. சொல்லு பாப்போம்."

"பொய் எனக்கு வராது, ஹெர்த்தா. கண்ணு நின்னுடும்."

தகரக் கூரையில் மழை ஆரம்பித்திருந்தது. ஒழுகுகிற இடத்துக்கு வாளியைக் காலால் தள்ளினாள்.

"பிள்ளை டிசம்பர்ல. இந்தத் தகரத்துக்குக் கீழ ஒரு பிள்ளை ஜனவரியைத் தாண்டாது. குபால்லா அம்மாவோடது தாண்டலை."

போர்வைக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றிருந்தது.

"கத்துக்கோ," என்றாள் ஹெர்த்தா. "ஊரே கத்துக்கிச்சு. உனக்கு மட்டும் என்ன?"

அவன் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

*

நவம்பர் பதினாறு, ஞாயிறு. கூடம் நிரம்பியிருந்தது. தொப்பிகள், கம்பளிக் கோட்டுகள், நனைந்த குடைகள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு எண் மட்டும். க்னாவர் வாயைத் திறக்காமல் புன்னகை செய்தார். அண்ணன் நீஹூஸ் காதை மறைக்கத் தொப்பியை இறக்கி விட்டிருந்தார். அவர் மனைவி வரவில்லை.

நகரசபைக் கலாச்சாரப் பொறுப்பாளர் ஓஸ்டர்காம்ப் போரில் மாண்டவர்களின் நினைவுத்தூணில் மலர்வளையம் வைத்துவிட்டு நேரே வந்திருந்தார். கறுப்புக் கையுறையைக் கழற்றாமலே பேசினார்.

"காலையில மாண்டவங்களை நினைச்சோம். அரை மணி நேரம். நிகழ்ச்சி நிரல்படி அது முடிஞ்சுது. இப்ப எதிர்காலம். இந்தப் படங்களைப் பாக்கறேன். ஒரு வீடு இல்ல, ஒரு ஆள் இல்ல, ஒரு சீருடை இல்ல. என்ன ஒரு நிம்மதி. முன்னாடி இதே சுவத்துல தொங்கின படங்கள்ல எல்லாம் தெரிஞ்சுது, அதுதான் தொல்லை. அதைத் தேர்ந்தெடுத்து மாட்டின கமிட்டியிலயும் நான் இருந்தேன், அதனால சொல்றேன். இந்தப் படங்களை வெளிநாட்டு நண்பர்கள் பாத்தா நம்ம ஊரைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஒண்ணுமே நினைக்க மாட்டாங்க. அதைவிட நமக்கு என்ன வேணும்?"

பலத்த கைதட்டல். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு அவருடைய படத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்று மீட்டர் நீளம், அதே உயரம். எண் ஒன்று. அமெரிக்க ராணுவக் கூடாரத் துணியில் வரைந்தது. சாம்பல், பழுப்பு, கறுப்பில் கீறல்கள். ஒரு ஓரம் முழுக்க அப்பிய வெள்ளை.

ஆல்வினை முன்வரிசையில் தனி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண் வீக்கம் வடிந்திருந்தது. க்னாவர் அவன் பின்னால் வந்து நின்றார். டைமரை முறுக்கியது தெக்லா. கடைசி வரிசையில், வயிற்றின்மேல் கை வைத்தபடி ஹெர்த்தா.

முதல் பக்கம். சாம்பல். அவன் கண் மேலும் கீழும் நகர்ந்தது, எங்கும் நிற்கவில்லை. திருப்பினார்கள். இரண்டாவது பக்கம், பழுப்பு. ஒன்றுமில்லை. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது பக்கம். கறுப்புக் கீறல்கள் படுத்திருந்தன. வெறும் கீறல்கள். தோள் இறங்கியது. ஜன்னல் வைத்த அறை ஒன்று, அடுப்பு ஒன்று, தொட்டில் வைக்க ஒரு மூலை.

நீஹூஸ் சகோதரர்கள் மூன்று கையால் படத்தை நாலாவது பக்கம் திருப்பினார்கள்.

வெள்ளை கீழே வந்தது. கீறல்கள் எழுந்து நின்றன.

ஆல்வினின் கண் நின்றுவிட்டது.

க்னாவரின் கை அவன் தோளில் விழுந்தது. தெக்லாவின் பென்சில் அந்தரத்தில் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைவர், சோதனை நடக்கும்போது முதல்முறையாக, எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டைமர் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

மணி அடித்தது.

"சொல்லுங்க ஆல்வின்," என்றார் தலைவர். "என்ன தெரியுது?"

ஆல்வின் எழுந்தான். தொடை வலித்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணும் தெரியலீங்க," என்றான்.

பளிச்சென்று வந்தது. திக்கவில்லை, திணறவில்லை. கூடம் எழுந்து கை தட்டியது. ஓஸ்டர்காம்ப் கறுப்புக் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எகோன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிக்கு இல்லாத கருணை இதற்கு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்திருக்கலாம்.

திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் தலைவர் அங்கேயே சாவியை எடுத்துக் கொடுத்தார். கை குலுக்கினார். கையை விடவில்லை.

"நிஜமாவே தெரியலியே?" என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியலீங்க ஐயா."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு பாய்லர் அறைக்கு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

ஹெர்த்தா அவன் கையைப் பிடித்துப் படியேறினாள். மேப் அறையில் ஜன்னல் ஒழுங்காக மூடியது. அடுப்பைத் திறந்து பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள், நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பாத்தியா. ரெண்டே வார்த்தை. வாய் வெந்தா போச்சு?" என்றாள். பிறகு, "ஆமா, அந்தப் பெரிய படத்துல நிஜமா என்னதான்யா இருந்துச்சு? உன் கண்ணு நின்னுச்சே, நான் பின்னாலேர்ந்து பாத்தேன். காது ரெண்டும் வெளுத்துப் போச்சு."

"ஒண்ணும் இல்ல," என்றான் ஆல்வின்.

இருந்தது சுண்ணாம்புக்கல் குவாரி. காட்டுக்குள், ஊருக்கு ஒன்பது கிலோமீட்டரில். நாற்பத்தைந்து ஏப்ரல், அமெரிக்க டாங்கிகள் வந்து சேர்வதற்கு மூன்று நாள் முந்திய காலை. வெள்ளைப் பள்ளத்தின் விளிம்பில் பதினாலு கீறல்கள், தொழிற்சாலைக்குக் கட்டாய வேலைக்கென்று கிழக்கிலிருந்து பிடித்து வந்த பதினாலு பேர். அதில் பாவாடை கட்டிய இரண்டு கீறல்கள். எல்லாம் மேட்டிலிருந்து பார்த்தபடி வரைந்திருந்தது. அன்று அந்த மேட்டில் நின்றது ஒரே ஒருவர், சுடுவதற்கு முன் பெயர்ப் பட்டியலை வாசித்தவர். இடது கீழ் ஓரத்தில், மரங்களுக்கு நடுவே, ஒரு சாம்பல் சதுரம். அந்தப் பதினாலு பேரையும் ஏற்றி வந்த லாரி. சதுரத்துக்குள் பட்டாணி அளவில் ஒரு கரும்புள்ளி. இன்ஜினை அணைக்காமல் காத்திருந்த டிரைவர்.

அந்த டிரைவர் ஆல்வின்.